காரணி, மடங்கு, பகா எண்: பிழையில்லாமல் கண்டுபிடிக்க

தஞ்சை வட்டார நிலக்கணக்கில் ஒரு மா 100 குழி. அதை மிச்சமில்லாமல், முழுக் குழிகளாக எத்தனை சம பங்கு போடலாம்? 100-இன் காரணிகள்தான் விடை. 1-லிருந்து தொடங்கி ஜோடியாக எழுதுங்கள்: 1×100, 2×50, 4×25, 5×20, 10×10. இடப்பக்க எண் வலப்பக்க எண்ணை எட்டியதும் நிறுத்திவிடலாம். அதற்குமேல் அதே ஜோடிகள் தலைகீழாக வரும். 10-ஐ ஒருமுறைதான் எண்ண வேண்டும். ஆக 9 காரணிகள். பிள்ளைகள் இங்கேதான் பத்து என்று எழுதிவிடுகிறார்கள். மூன்று பங்காளிகள் என்றால் ஆளுக்கு 33 போக ஒரு குழி மிஞ்சும்.

நெல் அளவையில் கலத்துக்கு 12 மரக்கால். 12-க்கு 6 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இத்தகைய எண்களைப் பற்றித்தான் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை வெளியிட்டார். அருமையான வேலை அது.

மடங்கு எளிது, பெருக்கிக்கொண்டே போனால் போதும். ஒரு வாய்க்காலில் 6 நாளுக்கொரு முறை, இன்னொன்றில் 8 நாளுக்கொரு முறை தண்ணீர் விடுகிறார்கள். இன்று இரண்டும் சேர்ந்து வந்தால், அடுத்து 24 நாள் கழித்துச் சேரும். 48 அல்ல, இரண்டுக்கும் 2 பொதுக் காரணி என்பதால் பெருக்கியதை 2-ஆல் வகுக்க வேண்டும்.

1, அந்த எண் என இரண்டே காரணிகள் இருந்தால் அது பகா எண், இரண்டுக்கு மேல் இருந்தால் பகு எண். பகா எண் சோதனைக்குத்தான் பொறுமை வேண்டும். 221-ஐ எடுப்போம். 15×15=225, அது தாண்டிவிட்டது. எனவே 15-க்குக் கீழுள்ள பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். ஒற்றைப்படை, 2 போகாது. இலக்கங்களின் கூடுதல் 5, 3 போகாது. கடைசி இலக்கம் 1, 5 போகாது. 7-ஆல் வகுத்தால் மீதி 4, 11-ஆல் மீதி 1. இத்தோடு விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு: 13×17=221, பகு எண். இதே வரிசையில் 211-ஐச் சோதித்தால் 7, 11, 13 மூன்றுக்கும் முறையே 1, 2, 3 மீதி வரும். அது பகா எண். 1 மட்டும் பகா, பகு இரண்டிலும் சேராது.