லினக்ஸில் உள்நுழைவுப் பதிவுகள் பிசகினால் எங்கே பார்ப்பது

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலை ஒன்றில் சீசன் நேரத்தில் ஷிப்டுக்கு ஷிப்டு ஆட்கள் மாறி ஒரே லினக்ஸ் சர்வரில் உள்நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஷிப்டுக்காரர் வீட்டுக்குப் போன பின்னும், இப்போது உள்நுழைந்திருப்பவர்களைப் பட்டியலிடும் 'ஹூ' கட்டளை அவர் பெயரைக் காட்டினால், கடவுச்சொல் திருடுபோய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இப்போதைய அமர்வுகள் (உள்நுழைந்து இன்னும் வெளியேறாதவை) 'யூடிஎம்பி' கோப்பிலும், பழைய உள்நுழைவும் வெளியேற்றமும் முழுவதும் 'டபிள்யூடிஎம்பி' கோப்பிலும் பதிவாகின்றன. இவற்றை எழுதுபவை எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து உள்நுழைய உதவுவது), லாகின் போன்ற நிரல்களே. அவை எழுதத் தவறினால் பதிவும் தவறாகவே இருக்கும்.

எனவே முதலில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் 'பிஎஸ்' கட்டளையால் அந்தப் பயனருடைய எஸ்எஸ்எச் செயல்முறை (அவருக்காக ஓடும் நிரல்) உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பதிவு சரி, அமர்வுதான் தொங்கிக்கொண்டிருக்கிறது: அவருடைய கணினியில் கரண்ட் போய் இணைப்பு அறுந்ததைச் சர்வர் இன்னும் அறியவில்லை. லினக்ஸின் இயல்பு அமைப்பில் இதை உணர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் 'கிளையன்ட்அலைவ்இன்டர்வல்' (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்பது) மதிப்பை 60 என்று வைத்தால், சுமார் மூன்று நிமிடத்தில் அது தானே முடிந்துவிடும். செயல்முறை இல்லை, டபிள்யூடிஎம்பி கோப்பைப் படித்துக் காட்டும் 'லாஸ்ட்' கட்டளை மட்டும் 'கான், நோ லாகவுட்' என்கிறது என்றால், வெளியேறிய பதிவு எழுதப்படவில்லை என்று பொருள். யூடிஎம்பி கோப்பு நினைவகத்தில் இருப்பதால் அடுத்த முறை சர்வர் எழும்போது அது புதிதாகத் தொடங்கும். அதைக் கையால் திருத்துவது வீண் வேலை.

'லாஸ்ட்' எதையுமே காட்டாவிட்டால், டபிள்யூடிஎம்பி கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது இடம் மிச்சம் பிடிக்க அதை அழித்திருந்தால், நிரல்கள் அதைத் தாமாக உருவாக்காமல் சத்தமில்லாமல் பதிவை நிறுத்திவிடும். வெறுங்கோப்பு ஒன்றை உருவாக்கி, உரிமையாளர் ரூட் (நிர்வாகிக் கணக்கு), குழு யூடிஎம்பி, அனுமதி 664 என்று அமைத்தால் போதும். டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் 13ஆம் பதிப்பில் இந்தக் கோப்பைத் தேட வேண்டாம். அங்கே அதன் இடத்தை 'டபிள்யூடிஎம்பிடிபி' என்னும் தரவுத்தளம் எடுத்துக்கொண்டுள்ளது.

திடீர் மின்தடைக்குப் பின் 'லாஸ்ட்' பட்டியலில் 1970ஆம் ஆண்டுத் தேதியோடு (லினக்ஸில் பூச்சிய நேரம் அதுதான்) வெற்று வரிகள் வந்தால், கோப்பின் நடுவே பூச்சியங்கள் நிரம்பியிருக்க வாய்ப்பு உண்டு. முதலில் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, 'யூடிஎம்பிடம்ப்' கட்டளையால் உரையாக மாற்றுங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும்: 2 என்றால் சர்வர் எழுந்தது, 7 பயனர் நுழைந்தது, 8 அமர்வு முடிந்தது. 0 என்று தொடங்கும் வெற்று வரிகளை மட்டும் நீக்கிவிட்டு, அதே கட்டளையை 'ஆர்' ஆப்ஷனோடு இயக்கிப் பழைய வடிவத்துக்குத் திருப்புங்கள். அந்த நேரத்தில் எவரும் உள்நுழையாதபடி பார்த்துக்கொள்வது நல்லது. ஊடுருவல் சந்தேகம் இருந்தால் மூலக்கோப்பைத் தொடவே கூடாது, அது சாட்சி.

வரிகள் முழுவதும் குப்பையாகத் தெரிந்தால், கோப்பு வேறு வகைக் கணினியிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் ஒரு பதிவு 384 பைட். 64 பிட் ஏஆர்எம் கருவிகளில் 400 பைட். ஒன்றை மற்றொன்றில் படிக்க முடியாது.

சர்வர் எழுந்த நேரம் மட்டும் சரியாக ஐந்தரை மணி நேரம் கூடுதலாகத் தெரிந்தால், கோப்பில் பழுதில்லை. விண்டோஸும் உள்ள கணினியில் வன்பொருள் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓட, லினக்ஸ் அதை உலக நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் இதைச் சரிபார்த்து, விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் வன்பொருள் கடிகாரத்தை உலக நேரமாகவே எடுத்துக்கொள்ளும்படி மாற்றுங்கள். ஏற்கெனவே எழுதப்பட்ட வரிகள் மட்டும் அப்படியே நிற்கும்.