அமெரிக்கச் சம்பந்தி வழியில் வம்சாவளி தேடுவது

என் பேத்தியின் தாய்வழி குடியாத்தம். தந்தைவழி வர்ஜீனியா மாநிலத்துக் கறுப்பினக் குடும்பம். தாய்வழிக்கு ஒரு பழைய கிரயப் பத்திரமும் குலதெய்வக் கோயிலில் கூடும் பங்காளிகளின் நினைவும் போதுமானவையாக இருந்தன. தந்தைவழியைக் காட்பாடியில் இருந்தபடியே கணினியில் தேடி முடிக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. வேலூர்ப் பக்கத்தில் அமெரிக்கச் சம்பந்தம் செய்தவர்கள் பெருகிவிட்டதால், அந்த வழியை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் உயிரோடிருக்கும் மூத்தவர்களிடம் கேட்க வேண்டும். பாட்டன் பெயரைவிட அவர் வாழ்ந்த கவுண்டியின் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) பெயர் முக்கியம், ஏனெனில் அந்நாட்டில் உயில், கிரயம், திருமணப் பதிவு பெரும்பாலும் கவுண்டி நீதிமன்றத்தில்தான் இருக்கும். பெண்களின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் மறவாமல் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லைகளும் மாறியிருக்கும்: சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்ததை அறியாதவர் இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு திண்டாடுவதைப்போல, மேற்கு வர்ஜீனியா 1863-இல்தான் தனி மாநிலமானது என்பதை அறியாதவர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்தது சென்சஸ். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் அந்தக் கணக்கு 72 ஆண்டுகள் கழித்தே வெளியிடப்படுவதால், இன்று பார்க்கக் கிடைப்பதில் கடைசியானது 1950-ஆம் ஆண்டினுடையது. ஃபேமிலிசர்ச் தளத்தில் இவற்றை இலவசமாகவே பார்க்கலாம். அங்கிருந்து ஒவ்வொரு பத்தாண்டாகப் பின்னோக்கி நடக்க வேண்டும்; 1890-ஆம் ஆண்டின் ஏடுகள் 1921-இல் நேர்ந்த தீவிபத்தில் பெரும்பாலும் பாழாகிவிட்டதால் அங்கே ஒரு தாண்டல் தவிர்க்க முடியாது. 1880-இல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதியிருக்கும், 1870-இல் அந்தப் பத்தி கிடையாது. அது தெரியாமல், 1870 ஏட்டில் ஒரே வீட்டில் இருந்த பெண்ணை மனைவி என்று நானாக எழுதிவிட்டேன். 1880 ஏட்டைப் பார்த்தபோது அவர் தங்கை என்று தெரிந்தது, ஒரு கிளை முழுவதையும் அழிக்க வேண்டியதாயிற்று.

அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பெயரோடு வரும் முதல் சென்சஸ் 1870. அதற்கு முன் சுதந்திரமாக இருந்த கறுப்பினத்தவர் 1850, 1860 பொது ஏடுகளிலேயே பெயரோடு இருப்பார்கள் என்பதால் முதலில் அங்கே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், அதே ஆண்டுகளின் அடிமை அட்டவணைக்குப் போக வேண்டும். உடைமையாளரின் பெயர் மேலே இருக்கும். அதன் கீழே வரிசையாக வயது, பால், நிறம் மட்டும். "35, பெண், கறுப்பு" என்ற வரியை நான் முதன்முதலில் பார்த்தபோது, பெயருக்கான பத்தி வேறு பக்கத்தில் இருக்கும் என்று எண்ணி ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பத்தியே இல்லை.

ஆகவே இதற்குமேல் தேட வேண்டியது உடைமையாளரின் குடும்பத்தை. 1870-இல் நம்மவர் வீட்டுக்கு அண்டையில் நிலம் வைத்திருந்த வெள்ளையர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்களுடைய 1860 அட்டவணையில் பத்து வயது குறைத்துப் பொருத்திப் பாருங்கள். விடுதலையானவர்கள் எல்லோரும் கடைசி உடைமையாளரின் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்ளவில்லை என்பதால், பெயர்ப் பொருத்தத்தை மட்டும் நம்பக்கூடாது. உடைமையாளர் இறந்திருந்தால் உயிலும், அவருடைய சொத்துக்களை மதிப்பிட்ட பட்டியலும் இருக்கும். மாடு, கலப்பை, கட்டிலோடு மனிதர்களும் பெயரும் விலையுமாக அதில் இடம்பெற்றிருப்பார்கள். படிக்கக் கை நடுங்கும், ஆனால் பெயர் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

வர்ஜீனியாவின் 1662-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. தாய் யாருக்கு உடைமையோ குழந்தையும் அவருக்கே உடைமை. அதனால் தாய்வழியில் தேடுவது பலன் தரும். உடைமையாளரின் மகள்களுக்குத் திருமணத்தின்போது சீதனம்போல அடிமைகளைக் கொடுப்பதும் உண்டு என்பதால், அந்த மகளின் கணவர் பெயரிலும் கவுண்டியிலும் தேட வேண்டும். ஒரு தாயும் பிள்ளையும் இரண்டு உயில்களில் பிரிந்து கிடப்பது இவ்வாறுதான்.

விடுதலையானவர்களுக்கு உதவ அரசு அமைத்து 1865 முதல் 1872 வரை இயங்கிய ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் கூலி ஒப்பந்தங்களையும், அவர்களின் சேமிப்புக்கென இருந்து 1874-இல் மூடப்பட்ட ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவேடுகளையும் விட்டுவிடாதீர்கள். வங்கிப் பதிவேட்டில் சில கணக்குகளுக்குப் பெற்றோர், உடன்பிறந்தோர், பழைய எஜமானர் பெயர்கள்கூட உண்டு. உள்நாட்டுப் போரில் சேர்ந்தவர் என்றால், விதவை ஓய்வூதியம் கேட்டுக் கொடுத்த வாக்குமூலங்கள் இன்னும் விரிவானவை. தேதிகளில் மட்டும் கவனம் தேவை: அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், 4/9 என்பது ஏப்ரல் ஒன்பது.

வம்சப் படம் வரையும்போது ஆவணத்தில் உள்ளதையும் ஊகத்தையும் கலக்காதீர்கள். பேத்தியின் படத்தில் அந்த 35 வயதுப் பெண்ணின் கட்டத்தில் ஆண்டு, கவுண்டி, பக்க எண், வரி எண் ஆகியவற்றை மையால் எழுதியிருக்கிறேன். ஒரு மதிப்பீட்டுப் பட்டியலில் கிடைத்த, அவருடையதாக இருக்கக்கூடிய பெயரைப் பென்சிலால்.