உருக்காலை டிசி-யைக் கணினியே படிக்கட்டும்: 316 எல் தகட்டை வைத்து ஒரு செய்முறை

தகடோ குழாயோ லாரியில் வந்து இறங்கும்போது கூடவே ஒரு டிசி வரும். அதாவது உருக்காலை தரும் டெஸ்ட் சர்டிபிகேட். ஹீட் நம்பர் (எந்த உருக்குக் குழம்பிலிருந்து வந்தது என்று காட்டும் எண்), வேதிக் கலவை, இழுவிசை வலிமை எல்லாம் அதில்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து ஒருவர் எக்செலில் தட்டிக்கொண்டிருக்கும் தொழிற்சாலைக்கான செய்முறை இது.

தேவையானவை: பைத்தான், ஸ்கேன் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் (இதைத்தான் ஓசிஆர் என்பார்கள்) ஓசிஆர்மைபிடிஎஃப், அதற்கு அடியில் ஓடும் டெசராக்ட், பிடிஎஃப்-இல் ஏற்கெனவே உள்ள எழுத்தை எடுத்துத் தரும், பாப்ளர் தொகுப்பில் வரும் பிடிஎஃப்டூடெக்ஸ்ட். எல்லாமே இலவசம். இன்வாய்ஸ், சலான் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு அதிகம் சரக்கு அனுப்பும் இரண்டு ஆலைகளின் பழைய டிசி-யில் 20 தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: ஏற்கெனவே எழுத்து இருக்கிறதா?

மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப்களில் பலவற்றுக்கு ஓசிஆர் தேவையே இல்லை. பிடிஎஃப்டூடெக்ஸ்டை லேஅவுட் விருப்பத்தோடு ஓட்டுங்கள்; நெடுவரிசைகள் கலையாமல் வெளியே வரும். ஒரு பக்கத்தில் 50 எழுத்துகூடத் தேறவில்லை என்றால் அது ஸ்கேன். பக்கம் பக்கமாகச் சோதிப்பது முக்கியம். முதல் பக்கம் கணினி அச்சாகவும் இரண்டாவது பக்கம் ஸ்கேனாகவும் ஒட்டி வரும் கோப்புகள் உண்டு. ஓசிஆர்மைபிடிஎஃப்-இல் எழுத்துள்ள பக்கத்தைத் தாண்டிப் போகும் விருப்பம் இருக்கிறது; அதைப் போட்டுவிடுங்கள். சரியாக இருக்கும் எண்ணை மறுபடி ஓசிஆர் செய்வது, நல்ல எண்ணைக் கெடுக்கும் வேலை.

படி 2: ஸ்கேன்

300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), நிறத்தில். கருப்பு வெள்ளை வேண்டவே வேண்டாம். ஆய்வாளரின் முத்திரை எப்போதும் எண்களின் மேல்தான் விழும். நிற ஸ்கேனில் சிவப்பு அலைவரிசையை (ரெட் சேனல்) மட்டும் பிரித்தால் சிவப்பு முத்திரை வெளிறிப் போய்க் கருப்பு எழுத்து நிற்கும். நீல முத்திரை என்றால் நீல அலைவரிசை. கருப்பு முத்திரைக்கு வைத்தியம் இல்லை; கையால்தான் பார்க்க வேண்டும்.

படி 3: எண்களைப் பிடித்தல்

பக்கத்தின் இந்த மூலையில் இந்தக் கட்டம் என்று இடத்தைக் குறித்து எடுக்கும் கருவிகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஆலை ஒரு நெடுவரிசையைக் கூட்டினால் அன்றே எல்லாம் சரியும். தலைப்புச் சொல்லைத் தேடி, அதன் கீழுள்ள மதிப்பை எடுங்கள். ஹீட் நம்பருக்கு ஆலைவாரியாக ஒரு வடிவம் எழுதி வையுங்கள்: முதலில் எழுத்து, பிறகு 6 இலக்கம் என்பதுபோல. ஓசிஆர் சுழியத்தை 'ஓ' என்றும், 5-ஐ 'எஸ்' என்றும், 8-ஐ 'பி' என்றும் வாசிக்கும்போது இந்த வடிவம்தான் காட்டிக்கொடுக்கும்.

படி 4: பெருக்கி வரிசை

முதல்முறை செய்பவர்கள் விழுவது இங்கேதான். 316 எல் என்பது துருப்பிடிக்காத எஃகின் ஒரு ரகம். அந்தத் தகடு ஒன்றின் டிசி-யில் இப்படி இருக்கும்:

கார்பன் 21, சிலிக்கான் 52, மாங்கனீசு 118, பாஸ்பரஸ் 32, கந்தகம் 2, குரோமியம் 1672, நிக்கல் 1008, மாலிப்டினம் 203.

தசமப் புள்ளியே இல்லை. ஓசிஆர் தவறவிடவும் இல்லை. தனிமப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ×100, ×1000 என்று ஒரு வரிசை இருக்கும். அதன்படி வகுக்க வேண்டும். இங்கே கார்பன், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றுக்கும் 1000, மற்றவற்றுக்கு 100. ஆக, சதவீதத்தில் கார்பன் 0.021, குரோமியம் 16.72, மாலிப்டினம் 2.03. எழுத்து பொடியாக இருப்பதால் ஓசிஆர் இந்த வரிசையைத்தான் முதலில் விழுங்கும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி, இரண்டு மடங்கு பெரிதாக்கித் தனியாகப் படிக்க வையுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் நிரல் ஊகிக்கக் கூடாது. தாளை ஒதுக்க வேண்டும்.

போகிற போக்கில் ஒன்று: ஒரே ஹீட்டுக்கு இரண்டு வரி வந்தால் ஒன்று உருக்குக் குழம்பின் பகுப்பாய்வு, மற்றது முடிந்த தகட்டின் பகுப்பாய்வு. இரண்டையும் சேமியுங்கள், சராசரி போடாதீர்கள்.

படி 5: எல்லைச் சோதனை

ஏஎஸ்டிஎம் ஏ240 என்ற தரநிலையின்படி 316 எல்-லில் கார்பன் 0.030, பாஸ்பரஸ் 0.045, கந்தகம் 0.030, சிலிக்கான் 0.75 வரை, குரோமியம் 16 முதல் 18, நிக்கல் 10 முதல் 14, மாலிப்டினம் 2 முதல் 3. பெருக்கி தப்பினால் இது பெரும்பாலும் பிடித்துவிடும்: கார்பனை 100-ஆல் வகுத்தால் 0.21, உடனே சிவப்புக் கொடி. ஆனால் சிலிக்கானைத் தவறுதலாக 1000-ஆல் வகுத்தால் 0.052. உச்ச எல்லைக்குள்தான் இருக்கிறது, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அதனால் தரநிலையில் இல்லாத கீழ் எல்லை ஒன்றை நீங்களே வையுங்கள். இந்த ரகத்தில் சிலிக்கான் 0.15-க்கும் மாங்கனீசு 0.5-க்கும் கீழே போனால் ஆள் பார்க்கட்டும்.

0.023 என்பதை 0.028 என்று வாசித்தால் எந்த எல்லையும் பிடிக்காது. டெசராக்ட் ஒவ்வொரு சொல்லுக்கும் 0 முதல் 100 வரை தரும் நம்பிக்கை மதிப்பைச் சேர்த்துச் சேமித்து, 85-க்குக் கீழே உள்ளதை அசல் படத்துண்டோடு திரையில் காட்டுங்கள். 85 என்பது தொடக்கம்தான். உங்கள் 20 தாளை ஓட்டிப் பார்த்து ஏற்றி இறக்குங்கள்.

படி 6: சேமிப்பு

எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் போதும். ஹீட் நம்பர் நெடுவரிசை எழுத்து வகையாகவே இருக்கட்டும்.

சேர்ப்பு: ஹீட் நம்பர் காணாமல் போகிறது என்பவர்களுக்கு

தரவுத்தளம் சரியாகத்தான் இருக்கும். அதிலிருந்து எடுத்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை) இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்து சேமித்திருப்பீர்கள். 004417 என்பது 4417 ஆகிவிடும். 52இ107 போல இலக்கங்களுக்கு நடுவே ஆங்கில 'இ' வந்தால், எக்செல் அதை 52-க்குப் பின் 107 சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். இறக்குமதி வழியாகத் திறந்து அந்த நெடுவரிசையை 'உரை' என்று குறியுங்கள்.

சேர்ப்பு: பாதிக் கோப்பு

ஸ்கேனர் கோப்புகளைப் போடும் கோப்புறையிலிருந்து நிரலே எடுக்கும்படி வைத்திருந்தால் இதைக் கவனியுங்கள்: ஸ்கேனர் எழுதி முடிப்பதற்குள் நிரல் கோப்பை எடுத்தால் கடைசிப் பக்கங்கள் விடுபடும். கோப்பின் அளவு 10 விநாடி மாறாமல் இருந்தால் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பெரிய கோப்புகளை மெதுவாக அனுப்பும் ஸ்கேனர் என்றால் 30 விநாடி.