தூண்டில் லூர்கள் துருப்பிடிக்காமல், உருகாமல் இருக்க: கழுவுவதில் தொடங்கிப் பெட்டி வரை

நல்ல ஜப்பான் லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) ஒன்று வாங்கும் காசுக்கு மார்க்கெட்டில் ஒரு கிலோ வஞ்சிரமே வாங்கிவிடலாம். அந்த லூர் பாறையில் சிக்கி அறுந்து போனால்கூட மனசு ஆறிவிடும். வீட்டில் பெட்டிக்குள் சும்மா கிடந்தே முள் துருப்பிடித்து, பெயிண்ட் கொப்பளித்து, ரப்பர் மீன் பெட்டியின் அடியோடு ஒட்டிக் கிடந்தால்தான் எரிச்சலாக வரும்.

கோவளம், முட்டுக்காடு, பழவேற்காடு பக்கம் கொடுவா மீனுக்கும் பாறை மீனுக்கும் லூர் வீசுகிறவர்களுக்கும், ஏரியில் விராலுக்கு ரப்பர் தவளை போடுகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. எந்த லூர் வாங்குவது, எப்படி வீசுவது என்பதெல்லாம் இதில் இல்லை. வீடு திரும்பிய பிறகு செய்ய வேண்டியதை மட்டும் பார்ப்போம்.

முதலில் உப்பைப் பற்றிக் கொஞ்சம்

"கடலில் போட்டேன், காய்ந்துவிட்டது, பெட்டியில் வைத்துவிட்டேன்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். உப்பு படிந்த லூர் நம் கடற்கரை ஊர்களில் முழுதாகக் காய்வதே இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் ஈரப்பதம் 75ஐ அனாயாசமாகத் தாண்டும். ஆகவே கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும் லூர், ராத்திரி பெட்டிக்குள் மறுபடி நனைகிறது. துரு பிடிப்பது அப்போதுதான்.

படி 1: கடற்கரையிலேயே பிரித்து வையுங்கள்

தண்ணீரில் நனைந்த லூரை மற்ற லூர்களோடு திரும்பப் போடாதீர்கள். ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா போதும், நனைந்ததெல்லாம் அதற்குள். ஒரே ஒரு ஈர லூர் உள்ளே போனாலும், அதிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பெட்டி முழுவதும் பரவி, தொடாத புது லூரின் முள்ளையும் சேர்த்துக் கெடுக்கும்.

படி 2: கழுவுவது. ஆனால் எந்தத் தண்ணீரில்?

எல்லா வீடியோக்களிலும் "நல்ல தண்ணீரில் அலசுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரம் குடியிருப்பவர்களுக்குச் சிக்கலே அந்த வரியில்தான் இருக்கிறது. அங்கே பல வீடுகளின் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவு உப்பு. அதில் லூரை அலசினால் கடல் உப்பு போய் நிலத்தடி உப்பு வந்து உட்காரும். ஒழுங்காகக் கழுவியும் துரு பிடிக்கிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் குழாய்த் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க டிடிஎஸ் மீட்டர் என்று பேனா மாதிரி ஒன்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு வழியில்லை என்றால் 2000 வரை. கடல் தண்ணீர் சுமார் 35,000. உங்கள் குழாய்த் தண்ணீர் 500க்குள் காட்டினால் கவலையே இல்லை. ஆயிரத்தைத் தாண்டினால் முதல் அலசலுக்கு அதைப் பயன்படுத்திவிட்டு, கடைசி அலசலுக்கு வேறு தண்ணீர் எடுங்கள். மெட்ரோ வாட்டர், கேன் தண்ணீர், மழைத் தண்ணீர் எதுவானாலும் சரி.

எனக்குப் பிடித்தது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் வைத்தால் இலவசமாகவே சேரும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் தொடாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

செய்முறை இவ்வளவுதான்: வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறல். அப்புறம் பழைய டூத்பிரஷ்ஷால் முள்ளின் கண், ஸ்ப்ளிட் ரிங் (முள்ளை லூரோடு இணைக்கும் சுருள் வளையம்), லூரின் வயிற்றில் அந்த ரிங் மாட்டும் கம்பி வளையம் மூன்றையும் தேய்த்து, உப்பில்லாத தண்ணீரில் அலசுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். லூரின் இரண்டு பாதிகளையும் ஒட்டிய தையல் விட்டுவிடும். ஊறப் போடுவதற்கு முன் லூரைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் குண்டுகளின் சத்தத்தோடு தண்ணீர் தளும்பும் சத்தமும் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. அதை அடைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

மரத்தில் செய்த லூர் என்றால் ஊறவே விடாதீர்கள், அலசினால் போதும். பெயிண்ட் கீறிய இடத்தில் நீர் புகுந்து மரம் உப்பிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு அந்தக் கீறலில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு கொடுங்கள்.

படி 3: உலர்த்துவது

வெயிலில் வேண்டாம். சாயம் வெளுக்கும், உள்ளே காற்று விரிந்து தையல் பிரியும். நிழலில் ஃபேனுக்கு நேராகக் கொடி கட்டி, லூரின் மூக்கு வளையத்தில் பேப்பர் கிளிப் மாட்டி, ஒன்றோடொன்று சிக்காமல் தொங்க விடுங்கள். ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கட்டும். குழந்தைகளும் பூனையும் எட்ட முடியாத உயரம் முக்கியம்.

கவனிக்க வேண்டிய இடம் ஸ்ப்ளிட் ரிங். அதன் இரண்டு சுருள்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளியில் நிற்கும் தண்ணீர் லேசில் வெளியே வராது. லூர் காய்ந்து, முள் காய்ந்து, ரிங் மட்டும் ஈரமாக இருக்கும். துரு அங்கே ஆரம்பித்து முள்ளின் கண்ணுக்கு ஏறும். தொங்க விடும் முன் டிஷ்யூ பேப்பரால் ரிங்கை ஒற்றி எடுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் குளிர்காற்றில் வைத்து ஊதிவிடலாம்.

படி 4: முள்

நகத்தின் மேல் முள்ளின் நுனியை மெதுவாக வைத்து இழுங்கள். நகத்தைக் கவ்வி நின்றால் கூர்மை இருக்கிறது. வழுக்கினால் சின்ன அரத்தால் தீட்டுங்கள், இல்லை மாற்றிவிடுங்கள். மேலோட்டமான பழுப்பு என்றால் துடைத்தால் போய்விடும். குழி விழுந்த துரு, நுனியில் துரு, கண்ணில் துரு மூன்றில் எதைப் பார்த்தாலும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

வீட்டில் பித்தளை விளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தில் முள்ளையும் புளித் தண்ணீரில் போடுகிறவர்கள் உண்டு. துரு போகும், பளபளவென்றும் இருக்கும். ஆனால் அந்தப் புளிப்பு முள்ளின் மேல் பூச்சையும் சேர்த்துத் தின்றுவிடும். அடுத்த தடவை இன்னும் வேகமாகத் துரு ஏறும். வினிகரும் அப்படித்தான்.

முள் மாற்றுவதற்கு ஸ்ப்ளிட் ரிங் பிளையர் வாங்கிவிடுங்கள். நகத்தால் ரிங்கைத் திறந்து நகத்தை உடைத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை. புது முள் பழையதன் அளவிலும் கனத்திலும் இருக்கட்டும். தண்ணீரில் நடுவில் நிற்கும்படி செய்த லூருக்குக் கனமான முள் போட்டால் அது மூழ்க ஆரம்பித்துவிடும், ஆட்டமும் மாறும்.

துணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு முள்ளில் மட்டும் லேசாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் பிசுபிசுத்துக் காறல் வாடை அடிக்கும்.

படி 5: ரப்பர் மீன், ரப்பர் புழு

ரப்பர் என்று நாம் சொன்னாலும் பெரும்பாலானவை பிவிசி. அதை மெத்தென்று ஆக்க ஒருவகை எண்ணெய்ப் பொருள் கலக்கிறார்கள். அது மெதுவாக வெளியே கசியும். பக்கத்தில் பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் இருந்தால் அதைக் கரைக்கும். பெட்டியின் அடி பிசினாவதும், கெட்டி லூரின் பெயிண்ட் கொப்பளிப்பதும் இதனால்தான்.

எனவே மலிவான கண்ணாடி மாதிரிப் பெட்டிகளில் இவற்றைப் போடாதீர்கள். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். 2 என்றால் பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். 6 இருந்தால் அது பாலிஸ்டைரீன், கிட்டவே போகாதீர்கள். என் கட்சி இன்னும் எளிது: வாங்கிய கவரிலேயே வைத்திருங்கள். பத்துப் பெட்டியை அடுக்கி அழகு பார்ப்பதைவிட ஒரு துணிப்பைக்குள் இருபது கவர் இருப்பதே நல்லது.

கறுப்பையும் வெள்ளையையும் ஒரே கவரில் போட்டால் வெள்ளை சாம்பலாகும். இசட்-மேன் கம்பெனியின் எலாஸ்டெக் வகை வேறு பொருள். நன்றாக இழுபடும், சீக்கிரம் கிழியாது. ஆனால் அதைச் சாதாரண பிவிசி மீனோடு சேர்த்தால் இரண்டும் உருகி ஒரே உருண்டையாகிவிடும். பெர்க்லியின் கல்ப் வகை நீர் சார்ந்தது. ஜிக்கில் (ஈயத் தலை வைத்த முள்) மாட்டியபடியே வெளியே விட்டால் சுருங்கிக் கல்லாகும். அதைத் திரவத்தோடு அதன் கவரிலேயே இறுக மூடி வைக்க வேண்டும்.

வால் வளைந்துபோன பிவிசி மீனைச் சுடு தண்ணீரில் சில விநாடி முக்கி, நேராக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டால் சரியாகிவிடும். சமையல் பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள்.

விரால் தவளைக்கு ஒரே வேலைதான். வயிற்றை அமுக்கி, முள் நுழையும் ஓட்டை வழியாக உள்ளே இருக்கும் தண்ணீரை முழுக்கப் பிழிந்துவிட்டு, ஓட்டை கீழே பார்க்கும்படி தொங்க விடுங்கள். ஏரித் தண்ணீர்தானே என்று விட்டால் இரட்டை முள்ளின் தண்டு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். மேலே கனம் எதுவும் வைக்காதீர்கள். நசுங்கிய தவளை மிதக்கும்போது சாய்ந்து நிற்கும்.

படி 6: பெட்டி

ரப்பர் வளையம் வைத்த, தண்ணீர் புகாத பெட்டி நல்லதுதான், உள்ளே போவது முழுக்கக் காய்ந்திருந்தால். அரைகுறை ஈரத்தில் மூடினால் அந்த ஈரத்துக்கு நீங்களே காவல் நிற்கிறீர்கள். சந்தேகமாக இருந்தால் காற்றோட்டமுள்ள சாதாரணப் பெட்டியே மேல். உள்ளே ஸ்பாஞ்ச் விரித்திருந்தால் பிடுங்கிவிடுங்கள், அது நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

சிலிக்கா ஜெல் பை போடலாம். நிறம் மாறுகிற வகையில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. பூட்டிய காரின் டிக்கியில் பெட்டியை விட்டுவைக்காதீர்கள். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானமே போதும், வெள்ளி ஸ்டிக்கர் சுருங்கும், ரப்பர் மீன் குழையும்.

பின்சேர்க்கை

பதிவு போட்ட பிறகு வந்த கேள்விகளில் ஒன்று: "சிலிக்கா ஜெல்லுக்குப் பதில் அரிசி போடலாமா?" வேண்டாம். அரிசி ஈரத்தை இழுப்பது குறைவு, தூசி அதிகம், கடைசியில் வண்டு வரும்.

இன்னொருவர் முடி கட்டிய பக்டெயில் ஜிக்கைப் பூச்சி அரிக்கிறது என்று பெட்டிக்குள் அந்துருண்டை போட்டாராம், பக்கத்திலிருந்த லூர்களின் பெயிண்ட் பிசுபிசுத்துவிட்டதாம். அந்துருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக்குகளையும் பூச்சுகளையும் இளக்கும். கற்பூரமும் வேண்டாம். பக்டெயிலை நன்றாகக் காயவைத்து, தனியாக ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடினால் போதும்.

கழற்றிய பழைய முள்களை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். காலி தண்ணீர் பாட்டிலில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை இறுக்கி, மேலே "முள்" என்று மார்க்கரில் பெரிதாக எழுதிக் குப்பைக்காரரின் கையிலேயே சொல்லிக் கொடுங்கள். கவரில் போட்டுக் கட்டினால் அவர் கையைக் கிழித்துவிடும்.