வால்வு டிஏசியை விற்கும் முன்

வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) பொருத்திய பழைய டிஏசியை, அதாவது டிஜிட்டல் இசையை அனலாக் ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் கருவியை, விற்கும்போது, உள்ளிருக்கும் வால்வுகள் 12ஏயு7 வகையா 6922 வகையா, கருவியுடன் வந்தவையா பிறகு மாற்றப்பட்டவையா, ஏறத்தாழ எவ்வளவு காலம் ஓடியவை என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். கண்ணாடியின் உட்புறத்தில், பெரும்பாலும் உச்சியில், படிந்திருக்கும் வெள்ளிப் பூச்சு தெரியும்படி ஒரு படமும் எடுத்துப் போடுங்கள். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு இனி உதவாது. பாட்டை நிறுத்திவிட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெல்லத் தட்டிப் பாருங்கள். லேசான டொக் ஒலி இயல்பானதே. ஸ்பீக்கரில் அது ரீங்காரமாக நீண்டால் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. விலையுயர்ந்த பழங்கால வால்வுகளைப் போட்டிருந்தால், கருவியுடன் வந்தவற்றையே திரும்பப் பொருத்திக் கொடுத்து, பழங்கால வால்வுகளைத் தனியாக விற்பதுதான் லாபம் என்பது என் கணிப்பு.

கருவி 230 வோல்ட்டில் இயங்குவதா 120 வோல்ட்டுக்கானதா என்பதையும் குறிப்பிடுங்கள். கூரியரில் அனுப்புவதானால், மின் இணைப்பைத் துண்டித்து, வால்வுகள் நன்றாக ஆறிய பின், திருகாமல் நேராக மேல்நோக்கி இழுத்துக் கழற்றி, இடம் வலம் எனக் குறித்து, தனித்தனியே பஞ்சுத் தாளில் சுற்றி வையுங்கள். மூடியைத் திறந்தால்தான் வால்வு எட்டும் என்றால், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெபாசிட்டர்களில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.