எடை வைத்த சகாசா கெபாரி: முதல் ஈயைக் கட்டிப் பார்க்கலாம்

டென்காரா என்ற ஜப்பானிய மீன்பிடி முறையில் ரீல் கிடையாது. நீளமான கோல், அதன் நுனியில் கட்டிய நூல், கடைசியில் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த ஒரு போலி ஈ, அவ்வளவுதான். ஜப்பானிய மலையோடைகளில் இவானா, யமாமே மீன்களைப் பிடிப்பவர்கள் கட்டும் சகாசா கெபாரி என்ற ஈயில் இறகு முள்ளின் காதுப் பக்கமாக, அதாவது நூல் கோக்கும் வளையத்தின் பக்கமாக, சாய்ந்திருக்கும். கோல் நுனியைச் சுண்டினால் இறகு மடங்கி விரியும், பூச்சி துடிக்கிற மாதிரி. ஆழமான மடுவில் மீன் அடியிலேயே கிடக்கும்போதுதான் கொஞ்சம் எடை தேவைப்படுகிறது.

12-ஆம் எண் முள், கறுப்பு நூல், 0.3 மி.மீ. அளவில் ஈயம் சேராத மெல்லிய கம்பி, பெட்டைக்கோழியின் மெத்தென்ற கழுத்திறகு ஒன்று, மயில்தோகை இழை ஒன்று. முள் நுனியின் எதிர்க்கொக்கியைக் குறடால் இப்போதே நசுக்கிவிடுங்கள். நசுக்கும்போது சில முட்கள் ஒடியும், ஈயைக் கட்டி முடித்தபின் ஒடிந்தால் வயிற்றெரிச்சல்தான்.

முள்ளை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்து, காதுக்குப் பின்னால் ஒரு மி.மீ. விட்டு நூலைச் சுற்றத் தொடங்குங்கள். இறகின் அடிப்பஞ்சை உருவிவிட்டு, குழிந்த பக்கம் காதைப் பார்க்கும்படி காம்பைக் கட்டுங்கள். இது மாறினால் இறகு பின்னால் சாய்ந்துவிடும். வளைவை நோக்கி மூன்று சுற்று சுற்றி, இறகு நுனியைக் கட்டி நறுக்கியதும், இழைகளை விரலால் முன்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அடியில் நூலை இறுக்கமாக நாலைந்து சுற்று போடுங்கள். இனி அது தானாகவே முன்னால் சாய்ந்து நிற்கும்.

அப்புறம் கம்பி. இறகுக்கு ஒட்டிப் பின்னால் ஆறே சுற்று போதும். தண்டு முழுக்கச் சுற்றக் கை துறுதுறுக்கும், வேண்டாம். டென்காரா நூல் மிக லேசானது, ஈ கனமாக இருந்தால் வீச்சு கெட்டு அது கல்லாக விழும். கம்பி நகராதபடி மேலே நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, அப்படியே வளைவு வரை கொண்டுபோங்கள்.

அங்கே மயில் இழையைக் கட்டி, நூலோடு சேர்த்து முறுக்கி, இரண்டையும் ஒன்றாக இறகு வரை சுற்றுங்கள். தனி இழை மீனின் பல் பட்டதும் அறுந்துவிடும். இறகுக்குப் பின்னாலேயே நாலு சுருக்குப் போட்டு இறுக்கி, நூலை வெட்டி, நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு துளி வையுங்கள், இறகில் படாமல்.

காய்ந்ததும் ஈயை நனைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். நிதானமாக இறங்கினால் சரி, சட்டென்று அடியில் போய் உட்கார்ந்தால் அடுத்த ஈயில் கம்பியை இரண்டு சுற்று குறையுங்கள்.