சண்டை முடிந்துவிட்டது, பேச்சு வரவில்லை: முதல் வாக்கியத்தை எடுப்பது எப்படி?

"பாப்பா, சாப்பாடு வச்சாச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு."

அப்பா அதே ஹாலில், மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்குப் பசியில்லைன்னு அம்மாகிட்ட சொல்லு."

ஏழு வயதுப் பெண் இரண்டு பக்கமும் தபால் கொண்டுபோகிறாள். அவர்கள் என்னிடம் வந்தபோது அந்த வீட்டில் இது 11-ஆம் நாள்.

தம்பதிகளுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. (மேலே சொன்னது ஒரே குடும்பம் அல்ல. பல வீடுகளைக் கலந்து, அடையாளம் மாற்றி எழுதுகிறேன்.) வருகிறவர்கள் எல்லோரும் சண்டையைப் பற்றித்தான் புகார் சொல்வார்கள். அது அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிற விஷயம். அதற்கப்புறம் டம்ளரை 'ணங்'கென்று வைத்துவிட்டுப் போகிற நாட்கள்தான் எனக்குக் கவலை. ஊடல் என்று நம் மொழி இதற்குச் செல்லமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஒரு பொழுதுவரை அழகுதான். பதினோரு நாளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அந்த மௌனத்தை உடைக்கிற முதல் வாக்கியத்தை எப்படி உருவாக்குவது என்பதுதான் இந்தச் செய்முறை. ஒரு பேனா, ஒரு துண்டுத் தாள் போதும்.

தொடங்கும் முன்

நீங்கள் பேசாமல் இருப்பது கோபத்தாலா, பயத்தாலா? வாயைத் திறந்தால் அடி விழும் என்பதால் பேசவில்லை என்றால் இந்தச் செய்முறை உங்களுக்கானது அல்ல. தயவுசெய்து இதை முயன்று பார்க்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181. குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்புக்கென்றே 2005-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. யாராக இருந்தாலும், மனம் தாங்கவில்லை என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை.

அப்புறம், பிள்ளையைத் தபால்காரராக வைத்திருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

படி 1: நாடியைப் பிடித்துப் பாருங்கள்

உவமை இல்லை, நிஜமாகவே பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, 15 விநாடி எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 100-க்கு மேல் போனால் இப்போது பேசக்கூடாது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர், வாக்குவாதம் செய்கிற தம்பதிகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார். துடிப்பு அந்த அளவைத் தாண்டியதும் எதிராளி சொல்வது காதில் ஏறுவதில்லை. அந்த நிலையில் ஒருவர் கத்துவார், இன்னொருவர் சுவராகிவிடுவார். அவர் கவனித்தவரையில் சுவராகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். உடம்பு தணியக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறார்.

அந்த 20 நிமிடத்தில் 'அவ அப்படிச் சொன்னா, நான் இப்படிக் கேட்டிருக்கணும்' என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் கணக்கில் சேராது. மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்து மடியுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும். "எனக்குத் தலை சூடா இருக்கு. அரை மணி நேரத்துல வர்றேன், பேசலாம்." நேரம் சொல்லிவிட்டுப் போனால் அது இடைவேளை. சொல்லாமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனால் சண்டையின் அடுத்த பாகம். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவது அதைவிட முக்கியம்.

படி 2: நடந்ததை மட்டும் எழுதுங்கள்

வீட்டில் ஒரு கேமரா இருந்திருந்தால் அதில் என்ன பதிவாகியிருக்கும்? 'என்னை மதிக்கவே இல்லை' என்பது கேமராவில் விழாது. 'டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்ததை முதலில் அவங்க அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னார், எனக்கு மறுநாள் அத்தை சொல்லித்தான் தெரிந்தது' என்பது விழும். அந்தப் 11 நாள் மௌனத்துக்குக் காரணம் இதுதான். இந்த ஒரு வரியை எழுத அந்தப் பெண்ணுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கு முன்னால் பக்கம் பக்கமாகக் கல்யாணத்தில் நடந்ததெல்லாம் வந்தது.

படி 3: கோபத்துக்கு அடியில் பாருங்கள்

இதில் நம் ஆட்கள் திணறுவார்கள். "என்ன தோணுச்சு?" என்று கேட்டால் "கடுப்பா இருந்துச்சு", "டென்ஷன்", "ஒரு மாதிரியா இருந்துச்சு". இந்த மூன்றை வைத்தே ஆயுசு முழுக்க ஓட்டிவிடுகிறோம். கடுப்பு மேல் மூடிதான். திறந்தால் அவமானம், பயம், ஏமாற்றம், பொறாமை, தனிமை என்று ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கும். எது என்று தாளில் எழுதுங்கள்.

பெயர் வைத்தாலே பாதி தணியும் என்று பாட்டிமார் சொல்கிற ரகம் இல்லை இது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மேன் குழுவினர் 2007-இல் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உணர்ச்சி தெரியும் முகப் படங்களுக்குப் பொருத்தமான உணர்ச்சிச் சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, அமிக்டலா என்ற பகுதியின் படபடப்பு குறைந்தது. இது பயத்தோடும் எச்சரிக்கையோடும் தொடர்புடைய பகுதி.

அந்தப் பெண் முதலில் எழுதியது 'கோபம்'. அடித்துவிட்டு 'அசிங்கம்'. அதையும் அடித்துவிட்டுக் கடைசியில் எழுதியது: 'வேத்து ஆள்'. உளவியல் பாடத்தில் அப்படி ஓர் உணர்ச்சியே கிடையாது. ஆனால் அதைவிடச் சரியான சொல் எனக்கும் தெரியவில்லை.

படி 4: வாக்கியத்தைக் கட்டுங்கள்

நடந்தது ஒன்று, எனக்குத் தோன்றியது ஒன்று, கேட்பது ஒன்று. மூன்றே துண்டு.

முன்பு அவர் சொல்லிக்கொண்டிருந்தது: "உங்களுக்கு எப்பவும் உங்க அம்மாதான்."

தாளில் எழுதிய பிறகு: "டிரான்ஸ்ஃபர் விஷயம் அத்தை சொல்லித்தாங்க எனக்குத் தெரிஞ்சது. வேத்து ஆள் மாதிரி ஆயிட்டேன். அடுத்த தடவை முதல்ல என்கிட்ட சொல்லுங்க."

முதல் வாக்கியத்தில் கணவருக்குத் தன் அம்மாவுக்காக வக்கீலாவதைத் தவிர வேறு வேலை இல்லை. இரண்டாவதில் பதில் சொல்ல இடம் இருக்கிறது. காட்மனும் சிபில் கேரரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் 124 புதுமணத் தம்பதிகளின் வாக்குவாதத்தை ஆராய்ந்தார்கள். 15 நிமிடப் பேச்சில் முதல் 3 நிமிடத்தை வைத்தே, அடுத்த 6 ஆண்டுகளில் யார் பிரிவார்கள் என்பதற்கான அறிகுறிகளைக் காண முடிந்தது. ஆரம்பம் அவ்வளவு முக்கியம். 'எப்பவும்', 'ஒரு நாளாவது', 'உங்க வீட்டு ஆளுங்க' இவை மூன்றும் இருந்தால் அடித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தொழிலுக்கு வந்த புதிதில், "நீ அப்படிச் செய்யும்போது நான் காயப்பட்டதாக உணர்கிறேன்" என்று ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். அவர் வீட்டில் போய் அப்படியே சொல்லியிருக்கிறார். "யாருங்க எழுதிக் குடுத்தா?" என்று கேட்டிருக்கிறார் மனைவி. தப்பு என்னுடையது. உங்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லுங்கள்.

படி 5: 'சாப்டாச்சா'வைத் தவறவிடாதீர்கள்

நம் வீடுகளில் சமாதானம் பெரும்பாலும் வார்த்தையில் வருவதில்லை. கேட்காமலே காபி வந்து மேசையில் உட்காரும். மின்விசிறி ஒரு எண் கூடும். "சாப்டாச்சா?" என்று சுவரைப் பார்த்து ஒரு கேள்வி வரும். அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி அல்ல என்பது இருவருக்கும் தெரியும். அதற்கு "ம்" என்று மட்டும் சொன்னால், நீட்டிய கையைத் தட்டிவிட்டதாகத்தான் அர்த்தம். முழு வாக்கியமாகப் பதில் சொல்லுங்கள்: "இல்ல, நீ வா, சேர்ந்து சாப்பிடலாம்."

ஆனால் காபியோடு நிறுத்திவிட்டால் விஷயம் பரணுக்குப் போய்விடும். அடுத்த சண்டையில் தூசி தட்டி இறங்கும். காபியை வாங்கிக்கொள்ளுங்கள். அன்று இரவே, பிள்ளைகள் தூங்கியதும், படி 4-இல் எழுதியதைச் சொல்லுங்கள்.

கேட்கிறவருக்கு இரண்டே வேலை. கேட்டதைத் திருப்பிச் சொல்வது ("உனக்கு வேத்து ஆள் மாதிரி ஆயிடுச்சு, அப்படித்தானே?"). "தப்புதான், ஆனா..." என்பதில் அந்த 'ஆனா'வை விழுங்குவது.

பதிலே வரவில்லை என்றால்?

நடக்கும். ஒரு முறை சொன்னதோடு விட்டுவிடுங்கள். மறுநாள் வேறு நேரத்தில் இன்னொரு முறை. ஒரே இரவில் ஐந்து தடவை சொன்னால் அது நச்சரிப்பு. தீர்வே வராவிட்டாலும் பதற வேண்டாம். தம்பதிகளின் சச்சரவுகளில் சுமார் 69 சதவீதம் தீராமலே தொடர்பவை என்பது காட்மனின் கணக்கு. அம்மாவுக்கு முதலில் போன் போடுகிற பழக்கம் அந்தக் கணவருக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. போன மாதமும் ஒரு சண்டை. இந்தத் தடவை மௌனம் மதியத்திலிருந்து ராத்திரி எட்டு மணி வரை. தோசைக்கு என்ன சட்னி என்று அவரே நேராகக் கேட்டிருக்கிறார்.